கொட்டுமுன் கூர்ந்து நோக்குவோம்!

"கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது" என்பது நம் முன்னோர் வாக்கு. கடுகினும் சிறிய சில உயிர்களைப் பற்றியே, அன்புத் தோழியரே, இங்கு உங்களுடன் பேச விழைகிறேன். என் தவறு ஒன்றை ஒப்புக்கொண்டே தொடங்குகிறேன்.

சிதம்பரத்தில் என் பாட்டி வீட்டுக் கொல்லையில் ஒரு சிறு குளம் உண்டு. நான்கு படிகள், ஓரத்தில் ஒரு தென்னை, நடுவில் சில அல்லிகள். சென்ற ஆண்டு மழைக்காலத்தில் கடலூரிலிருந்து நாங்கள் அங்கே சென்றபோது, நீரில் ஏதேதோ நெளிவதைக் கண்டேன். "எல்லாம் கொசுப்புழுதான், டெங்கு வந்துவிடும்" என்று நானே முடிவு கட்டினேன். யாரிடமும் கேளாமல் பிளீச்சிங் பவுடரை அள்ளிக் கொட்டினேன். மறுநாள் நீரில் அசைவே இல்லை. சிறு மீன்கள் சில மிதந்தன. அதையும் பொருட்படுத்தாமல், பெரிய சேவை செய்துவிட்டதாக மகிழ்ந்தேன்.

பொங்கல் விடுமுறைக்கு மீண்டும் சென்றேன். மருந்தின் வேகம் தணிந்திருந்தது. கொசுப்புழுக்கள் முன்னைவிடப் பெருகியிருந்தன. பாட்டி சொன்னார்: "வருஷா வருஷம் இந்தக் கொல்லை பூரா தட்டான் பறக்கும் கண்ணு. இந்த வருஷம் ஒண்ணைக்கூடக் காணோம்." அவர் என்னைக் குறை கூறவில்லை. ஆயினும் அச்சொல் என்னைச் சுட்டது.

தட்டானின் குஞ்சுப் பருவம் நீருக்குள்தான் கழிகிறது. மண்ணிறத்தில், ஆறு கால்களுடன், அழகற்று இருக்கும் அவ்வுயிரின் கீழுதடு மடித்து வைத்த கைபோன்றது. இரை அருகே வந்தால் அது சட்டென நீண்டு பற்றிக்கொள்ளும். அந்த இரைகளுள் கொசுப்புழுவும் ஒன்று. கொசு முட்டையிலிருந்து வெளிவந்து பறக்க ஏறத்தாழப் பத்து நாள்களே போதும். தட்டானுக்கோ பல வாரங்கள், சிலவற்றுக்குப் பல மாதங்கள்கூடத் தேவை. ஆகவே அனைத்தையும் அழித்த குளத்துக்கு முதலில் திரும்பி வருவது பகைவனே. காவலன் பின்னரே வருகிறான். நான் கொன்றது காவலனை!

எனவேதான் சொல்கிறேன்: ஓர் உயிரை அழிக்குமுன் அது இன்னது என்று அறிவது நம் கடமை. அது பொழுதுபோக்கன்று, அதில் நம் நலமும் அடங்கியிருக்கிறது.

அறிவது கடினமா? இல்லை. ஒரு வெள்ளைத் தட்டில் சிறிது குளத்து நீரை ஊற்றிக் கைக்கண்ணாடியால் பாருங்கள். யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவின் புழு, நீண்ட மூச்சுக்குழாயை நீர்மட்டத்தில் வைத்துத் தலைகீழாகச் சாய்ந்து தொங்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் புழுவின் குழாய் குட்டையானது. மலேரியாவுக்குக் காரணமான அனாபிலிஸ் புழுவுக்கு அக்குழாயே இல்லை. அது நீர்ப்பரப்பை ஒட்டிப் படுத்திருக்கும். அடிச்சேற்றில் நெளியும் இரத்தச் சிவப்பு நிறப் புழுவோ கொசுவே அன்று. அது வளர்ந்து பூச்சியான பின்னும் நம்மைக் கடிப்பதில்லை. மீனுக்கு நல்ல உணவு.

இந்த வேறுபாடுகள் அற்பமானவை அல்ல. ரொனால்ட் ராஸ் என்ற மருத்துவர் மலேரியாக் கிருமியைத் தேடி நம் நாட்டில் எத்தனையோ கொசுக்களை அறுத்துப் பார்த்துத் தோல்வியுற்றார். அவை வேறு இனக் கொசுக்கள். 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில், புள்ளிச் சிறகுடைய கொசு ஒன்றை அறுத்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது.

இன்னொரு சான்று 'சைக்ளாப்ஸ்'. ஒற்றைக் கண்ணும், பெண் உயிரின் பக்கங்களில் இரு முட்டைப் பைகளும் உடைய இவ்வுயிர், ஒரு புள்ளியளவே இருக்கும். நரம்புச் சிலந்தி நோயின் இளம்புழு இதனுள் வாழ்ந்து, குடிநீர் வழியே மனிதருள் புகுந்தது. இதை அறிந்தபின் கிணறுகளையெல்லாம் தூர்த்தார்களா? இல்லை. நீரைத் துணியால் வடிகட்டிக் குடிக்கக் கற்பித்தார்கள். படிக்கிணறுகளைத் திருத்தி அமைத்தார்கள். தேவையான இடத்தில் மட்டும் அளவாக மருந்திட்டார்கள். 1996-க்குப் பின் இந்தியாவில் அந்நோய் தோன்றவில்லை. 2000-ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் அதற்குச் சான்றளித்தது.

"இந்தத் தொல்லை எதற்கு? குளத்தை மூடிவிடலாமே" எனப் பெற்றோர் சிலர் கேட்கலாம். அவர்கள் அச்சம் நியாயமானதே. சாக்கடை கலந்த குட்டையும், பாசியும் ஆகாயத்தாமரையும் மண்டிய குளமும் கேடு தருபவையே. அவற்றைத் துப்புரவு செய்யத்தான் வேண்டும். ஆனால் டெங்குக் கொசு பெரிதும் விரும்புவது மொட்டை மாடியில் கிடக்கும் பழைய டயரையும், தேங்காய்ச் சிரட்டையையும், மூடாத தொட்டியையும்தான். மீனும் தட்டான் குஞ்சும் அங்கே இல்லை அல்லவா? வாரம் ஒருமுறை அவற்றைக் கவிழ்ப்போம். உயிருள்ள குளத்தை வாழவிடுவோம்.

உதவி செய்வதிலும் அறிவு வேண்டும். கொசுவை ஒழிக்கவென்று 1928-இல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட கம்பூசியா என்ற அயல்நாட்டு மீன், உள்நாட்டுச் சிறு மீன்களுக்கும் தவளைக் குஞ்சுகளுக்கும் கேடாக முடிந்தது. நம் முண்டக்கண்ணி மீனே கொசுப்புழுவை உண்ணும் என்பதை நினைவில் கொள்வோம்.

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு ரயிலில் போகும்போது பரங்கிப்பேட்டை வருகிறது. அங்கே வெள்ளாற்றின் முகத்துவாரத்தருகே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. மெல்லிய வலையால் மிதவை உயிர்களை வடித்தெடுத்து, கால்களையும் முட்களையும் எண்ணி, இனம் பிரித்து அறிகிறார்கள். வடக்கே புதுச்சேரியில் கொசுக்களை ஆராயும் மத்திய நிறுவனம் 1975 முதல் இயங்கி வருகிறது. இவ்விரண்டுக்கும் இடையே வாழும் நாம், நம் கொல்லைக் குளத்தைப் பாராதிருப்பது அழகா?

ஆதலால் என் வேண்டுகோள் இதுதான். நம் பள்ளியில் வகுப்புக்கு ஒரு கைக்கண்ணாடியும் ஒரு குறிப்பேடும் வைப்போம். பெரியவர் துணையோடு நீர் எடுத்து வந்து, பார்த்ததை வரைவோம். நாளும் இடமும் குறிப்போம். பெயர் தெரியாதவற்றை ஆசிரியரிடம் கேட்போம். உயிர்களையெல்லாம் ஆதாமிடம் கொண்டுவந்து இறைவன் பெயரிடச் செய்தார் என்று தொடக்க நூலில் படிக்கிறோம். பெயரிட வேண்டுமானால் முதலில் உற்றுப் பார்க்க வேண்டும் அன்றோ?

வரும் மழைக்காலத்திலும் பாட்டி வீட்டுக்குச் செல்வேன். இம்முறை என் கையில் வெள்ளைத் தட்டு இருக்கும். தட்டான்கள் திரும்பி வந்தனவா என்பதை அடுத்த ஆண்டு மலரில் உங்களுக்கு எழுதுகிறேன்.