மண்ணைத் தோண்டுமுன்

காங்கேசன்துறை என்னும் பெயரைச் சொல்லும்போதே ஒரு வருகையின் நினைவு உள்ளத்தில் எழுகின்றது. மாவிட்டபுரத்து முருகப்பெருமானின் திருவுருவம் கடல்வழியாக வந்திறங்கிய துறையாதலின், காங்கேயன் துறை எனப் பெயர் பெற்றது என்பது வழிவழி வந்த ஐதிகம். அதற்கு மேற்கே, மாதகலை அடுத்துள்ள சம்புத்துறையே மகாவம்சம் கூறும் ஜம்புகோளத் துறை எனக் கொள்ளப்படுகின்றது. கலங்கள் வந்தன, வணிகர் வந்தனர், துறவியர் வந்தனர், படைகொண்டு வந்தாரும் உளர். வந்தவர் யாவரும் எதையேனும் இம்மண்ணில் விட்டே சென்றனர். கைநழுவிய காசு, உடைந்த கலம், அறுந்த மணி, இறந்தாரோடு வைத்த பொருள் என அவை யாவும் நம் காலடியில் உறங்குகின்றன.

அந்த உறக்கத்தைக் கலைக்க ஒரு கருவி வந்திருக்கின்றது. உலோகங் காணும் கருவி என்று அதனை நாம் அழைக்கலாம். புதையல் தோண்டியோர் கைதான செய்திகளில் ‘ஸ்கேனர்’ என்ற பெயரோடு அது அடிக்கடி தலைகாட்டுகின்றது. வெளிநாடுகளில் பூங்காக்களிலும் கடற்கரைகளிலும் பொழுதுபோக்காக இதனை ஏந்தித் திரிவோர் பல்லாயிரவர். நம் நாட்டிலோ இது பெரும்பாலும் இரவில் நடமாடுகின்றது. பூதங் காக்கும் புதையல் என்னும் பழங்கதையும் புதிய கருவியும் கைகோத்துக்கொண்டன. முன்பு மந்திரவாதி காட்டிய இடத்தில் மண்வெட்டி விழுந்தது. இப்பொழுது கருவி ஒலித்த இடத்தில் விழுகின்றது. பேராசை மட்டும் மாறவில்லை.

இக்கருவி பிறந்த கதை பேராசையின் கதையன்று என்பதை நம் மாணவர் அறிதல் நன்று. 1881ஆம் ஆண்டில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, அவர் உடலில் தங்கிய சன்னத்தைக் கண்டறியத் தொலைபேசி கண்ட கிரகாம் பெல் இத்தகைய கருவியொன்றை அமைத்தார். கட்டிலின் உருக்குச் சுருள்கள் கருவியைக் குழப்பியதும் முயற்சி பயனளியாமற் போனதற்கொரு காரணம் என்பர். இரண்டாம் உலகப் போரில் போலந்து நாட்டுப் பொறியியலாளர் கொசாட்ஸ்கி ஆக்கிய கண்ணிவெடி காணும் கருவி, 1942இல் எல் அலமெயின் பாலைவனத்தில் படைவீரர் பலரின் உயிரைக் காத்தது. கம்பிச் சுருளொன்றில் மாறுமின்னோட்டம் பாயும்போது அதனைச் சூழக் காந்தப்புலம் எழும். அப்புலத்துள் உலோகம் அகப்பட்டால் அதிலும் மின்னோட்டம் தூண்டப்படும். அந்த மாறுதலைக் கருவி ஒலியாக்கித் தரும். இதுவே அதன் நுட்பம். உயிர் காக்கப் பிறந்த அறிவு எந்தக் கையிற் சேர்கின்றதோ அந்தக் கையின் குணத்தையே பெறுகின்றது.

இதற்குக் காங்கேசன்துறையைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. 1990ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கு மக்கள் தம் ஊர்களைவிட்டுப் பெயர்ந்தனர். நெடுங்காலம் உயர்பாதுகாப்பு வலயமாக அடைபட்டுக் கிடந்த அந்நிலம், 2009இல் போர் முடிந்தபின் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டது. இன்னும் தம் வளவுக்குத் திரும்பக் காத்திருப்போரும் உளர். திரும்பியவர்களுக்கு முன்னே குடாநாட்டின் நிலங்களிற் கால் வைத்தவர்கள் கண்ணிவெடி அகற்றுவோரே. அவர்களுள் பெண்கள் பலர். அவர்கள் கையிலும் இதே கருவிதான். ஆனால், அவர்கள் தொழில் செய்யும் முறையைப் பாருங்கள். முதலில் நிலத்தைக் கோலும் கயிறுமிட்டு வகுக்கின்றனர். ஒலி கேட்டதும் மண்வெட்டியை ஓங்குவதில்லை. முழந்தாளிட்டு, பக்கவாட்டில் மெல்ல மெல்ல மண்ணை விலக்குகின்றனர். எங்கே எது கிடந்தது என்பதைக் குறித்து வைக்கின்றனர். பொறுமை தவறினால் உயிர் தவறும் என்பதை அவர்கள் அறிவர்.

புதையல் தேடுவோனுக்கு இந்தப் பொறுமை இல்லை. அவன் அவசரத்தால் அழிவது அவன் உயிராக மட்டும் இருந்தால் அது அவன் குடும்பத்தின் துயரமாக முடியும். அழிவதோ ஓர் இனத்தின் நினைவு; நம் கவலையெல்லாம் அதைப் பற்றியதே.

மண்ணுக்குள் கிடக்கும் பொருளின் மதிப்பு அதன் உலோகத்தில் இல்லை; அது கிடக்கும் இடத்தில் இருக்கின்றது. கந்தரோடையை எடுத்துக்கொள்வோம். காங்கேசன்துறைக்குத் தெற்கே, சுன்னாகத்தை அடுத்துள்ள அவ்வூரில் சிறு தூபிகளின் எச்சங்களையும் பழங்காசுகளையும் போல் பீரிஸ் என்னும் அறிஞர் ஆராய்ந்து 1917இலும் 1919இலும் எழுதினார். யாழ்ப்பாணத்தின் தொன்மையை அறிவுலகம் திரும்பிப் பார்க்க அது வழிசெய்தது. எனினும், அவ்வூரின் வரலாற்றை இன்னும் ஆழத்துக்குக் கொண்டு சென்றது 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தார் நடத்திய அகழ்வு. அங்கே பெரும் சாட்சிகளாக நின்றவை பொன்னும் வெள்ளியும் அல்ல. கறுப்புச் சிவப்பு மட்கலங்களின் ஓடுகள். எந்த ஓடு எந்த அடுக்கில், எதற்கு மேலே, எதற்குக் கீழே கிடந்தது என்பதைக் கொண்டே காலம் கணிக்கப்பட்டது.

ஆனைக்கோட்டையின் செய்தி இதனினும் தெளிவானது. 1980களின் தொடக்கத்தில் பேராசிரியர் இந்திரபாலாவின் தலைமையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் அங்கே பெருங்கற்காலப் புதைகுழியொன்றை அகழ்ந்தபோது, எலும்புக்கூட்டுடன் ஒரு சிறு முத்திரை கிடைத்தது. அதன் மேல்வரியில் குறியீடுகள். கீழ்வரியில் பிராமி எழுத்துகள் மூன்று. அளவில் மிகச் சிறிய அம்முத்திரை, யாழ்ப்பாணத்து வரலாற்றை எழுதுவோர் எவரும் கடந்து செல்லவியலாத சான்றாயிற்று. அதே முத்திரை புதையல் தேடுவோன் ஒருவன் சட்டைப்பையிலிருந்து, இன்ன ஊர், இன்ன குழி, இன்ன எலும்பின் அருகு என்ற செய்தி ஏதுமின்றிச் சந்தைக்கு வந்திருந்தால் நாம் என்ன சொல்லியிருப்போம்? பொய்யாகச் செய்ததோ என்று ஐயுற்றிருப்போம். மெய்யென்று கொண்டாலும், யாருடையது, எக்காலத்தது என்று சொல்ல ஆளின்றி இருந்திருப்போம். எலும்பையும் ஓட்டையும் அவன் காலால் எற்றி எறிந்திருப்பான். ஏனெனில் அவை கருவியில் ஒலிப்பதில்லை.

யாழ்ப்பாணத்து அரசர் வெளியிட்ட ‘சேது’ நாணயங்களுக்கும் இவ்விதி பொருந்தும். நந்தியும் ‘சேது’ என்னும் சொல்லும் பொறித்த அக்காசுகள் காசு சேர்ப்போர் பெட்டியிற் கிடந்தால் அழகுப்பொருள். கிடந்த இடமும் உடன் கிடந்த பொருள்களும் அறியப்பட்டால், அக்காலத்து வணிகம் எவ்வழிச் சென்றது, எத்துறை செழித்தது என்று பேசும் வாய் அதற்கு உண்டாகும்.

இங்கே ஆசிரியப் பெருமக்களுக்கு ஒன்றை நினைவூட்ட விரும்புகின்றோம். 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பராயின. அதனை நினைக்குந்தோறும் நெஞ்சு கனல்கின்றது, கனல வேண்டியதே. ஆயினும், எரிந்த நூலுக்கு வேறோர் ஊரில் ஒரு பிரதி இருத்தல் கூடும். தேடினால் கிடைத்தலும் கூடும். கலைந்த மண்ணடுக்குக்கு மறுபிரதி உலகில் எங்குமில்லை. நமக்கு எஞ்சியுள்ள மிகப் பழைய நூலகம் நம் நிலமே. அதன் ஏடுகளை இரவோடிரவாகக் கிழிப்பவன் நம்மவனாக இருந்தால் அந்தப் பழி குறைந்துவிடுமா?

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கின்றது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம், மண்ணிலும் நீரிலும் கண்டெடுக்கப்படாது கிடக்கும் தொல்பொருள்களை அரசுடைமை என்கின்றது. பொதுவாக, 1815 மார்ச்சு 2ஆம் நாளுக்கு முற்பட்டவையே அச்சட்டத்தில் தொல்பொருள் எனப்படும். அவற்றைத் தேடித் தோண்டுவதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். தோண்டுவது தன் சொந்தக் காணியேயாயினும் வேண்டும். தற்செயலாக ஒன்று கிடைத்தாலும் உரிய அதிகாரிக்கு உடனே அறிவித்தல் கடமை. 1998ஆம் ஆண்டின் திருத்தம் தண்டனையைக் கடுமையாக்கியது. சொந்த வளவுக்கே இவ்விதியென்றால், ஊரார் அனைவர்க்கும் உரிய பூங்காவையும் கடற்கரையையும் பற்றிச் சொல்ல வேண்டுமா? யாழ்ப்பாணத்துப் பழைய பூங்காவில் மர நிழலில் அமர்பவனுக்கு அந்நிழல் உரியது. அந்த மரத்தடியைக் கிண்டும் உரிமை அவனுக்கில்லை.

பிற நாடுகள் இதனை எவ்வாறு ஆள்கின்றன என்று நோக்குதல் பயனுடைத்து. இங்கிலாந்தில் நிலவுரிமையாளரின் இசைவோடு கருவி கொண்டு தேடலாம். ஆனால் 1996ஆம் ஆண்டின் புதையற் சட்டப்படி, புதையல் எனத்தக்கதை அறிவித்தே ஆகவேண்டும். 1997இல் தொடங்கிய பதிவுத் திட்டமொன்று, சட்டம் கட்டாயப்படுத்தாத சிறு பொருள்களையும் கிடைத்த இடத்தோடு சேர்த்துப் பதிந்து வருகின்றது. பதிவான பொருள்கள் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டவை. இலண்டனில் தேம்ஸ் நதியின் கரையில் தேடுவதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். 2009இல் ஸ்டஃபர்ட்ஷயரில் வயலொன்றில் கிடைத்த பொற்குவியலைக் கண்டவன் மறைக்கவில்லை, அறிவித்தான். குவியல் அருங்காட்சியகங்களுக்குச் சென்றது. அதன் மதிப்பைக் கண்டவனும் நிலத்துக்குரியவனும் பகிர்ந்தனர். நேர்மைக்கு இழப்பில்லை என்று மக்கள் நம்பும்படி அந்நாட்டுச் சட்டம் நடக்கின்றது.

நம் மக்களுக்கு அந்த நம்பிக்கை உண்டா? இக்கேள்வியை மூடி மறைத்தல் நேர்மையன்று. “கண்டதைச் சொன்னால் காணி போய்விடும்” என்னும் அச்சம் வடக்கிலும் கிழக்கிலும் பரந்து கிடக்கின்றது. தொல்லியலின் பெயரால் எழுந்த நிலப் பிணக்குகள் அந்த அச்சத்துக்கு உரமிட்டன. கிணறு வெட்டும்போது கிடைத்த ஓட்டையும் காசையும் வாய்திறவாமல் மூடிவிடும் உழவனைக் குறைகூறுமுன், அவன் ஏன் மூடுகின்றான் என்று அதிகாரிகள் எண்ணிப் பார்க்க வேண்டும். தொல்பொருள் ஒன்று கிடைத்தது என்பதால் மட்டும் காணியின் உரிமை மாறிவிடாது என்பதைத் தமிழில், எளிய நடையில், ஊர்தோறும் எடுத்துச் சொல்லுதல் அவர்கள் கடன். சொன்னபடி நடந்து காட்டுதல் அதனினும் பெரிய கடன். ஆய்வில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தையும் ஊர்மக்களையும் சாட்சிகளாக உடன் வைத்துக்கொண்டால் ஐயம் பாதி நீங்கும்.

இன்னொரு வகையினரும் உளர். ஊரைவிட்டுப் புறப்பட்ட அவசரத்தில் பித்தளைக் குடத்தையும் குத்துவிளக்கையும் வளவில் புதைத்துச் சென்றோர் பலர். திரும்பி வந்து, வேலியும் வீடும் அடையாளமற்றுப் போன நிலத்தில் பாட்டியின் விளக்கைத் தேடுவோரைப் புதையல் வேட்டையாடுவோருடன் சேர்த்து எண்ணுதல் கொடுமை. அவர்கள் தேடுவது தம் பொருளை. தம் பழைய வாழ்வையும்கூட. ஆனால் அவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. கண்ணிவெடிகள் சிலவற்றில் உலோகம் மிகச் சிறிதே இருக்கும். சாதாரணக் கருவியின் மௌனத்தை நம்பி மண்வெட்டியை இறக்குதல் ஆபத்து. ஐயத்துக்குரியது எது தென்பட்டாலும் தொடாது விலகி அறிவிப்பதே அறிவுடைமை.

போர்க்காலத்தில் புதைக்கப்பட்டதாகச் சொல்லப்படும் பொன்னைத் தேடி முல்லைத்தீவு மாவட்டத்தில் நீதிமன்ற அனுமதியோடு அகழ்ந்ததும், ஒன்றுமின்றித் திரும்பியதும் பலமுறை செய்தியாயின. கனவு கண்டவர் கையில் மிஞ்சியது குழியே.

இனி, நம்மால் ஆவது என்ன? ஒவ்வொரு பாடசாலையும் தன் ஊரின் பழைய இடங்களைக் குறித்து ஒரு பதிவேடு தொடங்கலாம். ஆலயக் கேணி, கைவிட்ட சுமைதாங்கி, ஓடுகள் சிதறிக் கிடக்கும் மேடு, முதியோர் வாயில் வழங்கும் நிலப்பெயர் ஆகிய யாவும் அதில் இடம்பெறலாம். சனசமூக நிலையங்கள் பழம்பொருள் கிடைத்த செய்தியை முதலிற் கேட்கும் இடங்களாகலாம். கண்டவன் செய்ய வேண்டியவை சிலவே: மேலும் தோண்டாதிருத்தல், பொருளைக் கழுவாதிருத்தல், கிடந்தபடியே படம் எடுத்தல், இடத்தைக் குறித்தல், அறிவித்தல். மாணவரை யாழ்ப்பாணம் நாவலர் வீதித் தொல்பொருள் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்று, ஓர் உடைந்த ஓட்டின் முன் கால் மணி நேரம் நிறுத்துங்கள். அந்த ஓட்டுக்கு எத்தனை கேள்விகள் கேட்கலாம் என்று சொல்லிக்கொடுங்கள். கேள்வி கேட்கப் பழகிய மாணவன் நாளை மண்வெட்டி எடுக்குமுன் ஒருகணம் நிற்பான்.

குடாநாட்டு வெயிலில் முழந்தாளிட்டு விரற்கடை விரற்கடையாக மண்ணை விலக்கிய அந்தப் பெண்களை நாம் மறவாதிருப்போம். மண்ணுக்குள் இருப்பது எதுவாயினும் அதனை அஞ்சியும் மதித்தும் அணுகவேண்டும் என்று அவர்கள் செயலாற் காட்டினர். நம் குழந்தைகளின் கால்களுக்காக அவர்கள் காத்த அதே பொறுமையை, நம் முன்னோரின் சுவடுகளுக்காக நாமும் காத்தல் வேண்டும்.