இலை ஊதும் இயந்திரம்: எமது வளவுகளுக்கு எது பொருந்தும்?

'கிளீன் ஸ்ரீலங்கா' செயற்றிட்டம் 2025 ஜனவரி 1 இல் ஆரம்பிக்கப்பட்டது முதல், துப்புரவு ஓர் அரசியல் சொல்லாகவும் மாறியிருக்கிறது. அதே ஆண்டு மே 6 இல் நடந்த தேர்தலின் பின் உள்ளூராட்சி மன்றங்களிலும் மக்கள் பிரதிநிதிகள் அமர்ந்துள்ளனர். பாடசாலை, கோயில், அலுவலக வளவுகளுக்கு இலை ஊதும் இயந்திரம் வாங்குவதென்றால், விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்கக்கூடாது என்பேன்.

பெற்றோலில் இயங்கும் டூ ஸ்ட்ரோக் இயந்திரத்தில் எரிபொருளின் ஒரு பகுதி எரியாமலே புகையோடு வெளியேறுகிறது. அதை ஒரு மணிநேரம் இயக்கினால் வரும் மாசு, ஒரு கார் சுமார் 1,770 கிலோமீற்றர் ஓடுவதற்குச் சமம் என்பது கலிபோர்னியா காற்றுவள சபையின் கணிப்பு. மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு இரண்டு தடவை போய்த் திரும்புவதைவிட அது கூடிய தூரம். அந்த மாநிலம் 2024 முதல் இவ்வகைப் புதிய இயந்திரங்களின் விற்பனையைக் கட்டுப்படுத்திவிட்டது. நமக்கோ 2022 அனுபவமே போதும்: கலன்களில் பெற்றோல் கொடுப்பது நிறுத்தப்பட்டபோது இத்தகைய இயந்திரங்களெல்லாம் வெறும் இரும்புதான்.

அடுத்தது மண். வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் பெரும்பாலும் மணற்றரை. வேகக் காற்று இலையோடு மணலையும் கிளப்பி, பக்கத்து வீட்டுக் கிணற்றிலும் கண்ணிலும் கொட்டும். இரைச்சலும் சிறிய விடயமல்ல. 85 டெசிபலுக்கு மேல் நாள்முழுதும் வேலை செய்வது காதுக்குக் கேடு. பெற்றோல் இயந்திரங்கள் பல அதைத் தாண்டுபவை. கிபிர் இரைச்சலுக்குப் பதுங்குகுழி தேடி ஓடியவர்கள் வாழும் ஊர்கள் இவை.

அதற்காக இயந்திரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2007 இடப்பெயர்வின் பின் படுவான்கரைக்குத் திரும்பியவர்களுக்கு வளவு கூட்டுவது அழகுக்கான வேலையல்ல. சருகுக்கடியில் என்ன கிடக்கிறதென்ற பயம் இருந்தது. அந்த வேலையின் பெரும்பாரம் பெண்களின் முதுகில்தான் ஏறியது. இன்றும் பெரிய வளவுகளைக் கூட்டும் சுத்திகரிப்புத் தொழிலாளரின் நாரிவலியைக் குறைப்பது நியாயமே.

ஆகவே சீமெந்துத் தரைக்கும் தார்வீதிக்கும் மின்கலத்தில் இயங்கும், வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய இயந்திரம் போதும். காதுக் கவசமும் மேலதிக மின்கலமும் அதே கொள்வனவில் சேரவேண்டும். மணல் வளவுக்கு நிமிர்ந்து நின்று கூட்டக்கூடிய நீண்ட பிடிபோட்ட ஈர்க்கில் விளக்குமாறே சிறந்தது. கூட்டிய சருகை எரிக்காமல் தென்னையடியில் போடலாம். 2021 இல் இரசாயன உரம் தடைப்பட்டபோது அதன் பெறுமதி புரிந்ததே.

கொள்வனவுக்கு முன் சபைகள் ஒரேயொரு கேள்வியைக் கேட்கட்டும்: இதைத் தோளில் சுமக்கப்போகிறவர் என்ன சொல்கிறார்?