பணம் கட்டியவருக்குத்தான் இலவசமா?

ஏழை வீட்டுப் பிள்ளைக்குத் தனியார் பள்ளியில் இலவச இடம் வேண்டுமா? முதலில் பணத்தைக் கட்டு! 2025-ம் ஆண்டு தமிழ்நாடு முழுக்க நடந்த கூத்து இது. தாம்பரம், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் பக்கத்து ஜனங்களுக்கும் இதே கதிதான்.

கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் வந்தது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகள் நீங்கலாக, தனியார் சுயநிதிப் பள்ளிகள் எல்லாம் நுழைவு வகுப்பில் 100-க்கு 25 இடத்தை ஏழை, பின்தங்கிய வீட்டுப் பிள்ளைகளுக்கு விட வேண்டும். எல்.கே.ஜி.யில் நுழைந்த பிள்ளைக்கு 8-ம் வகுப்பு வரை கல்விக் கட்டணம் இல்லை. அதை அரசாங்கம் பள்ளிக்குக் கொடுத்துவிடும். தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் ரூ.2 லட்சத்துக்குள் இருந்தால் நலிந்த பிரிவு. ஏப்ரல், மே மாதங்களில் மனு வாங்குவார்கள். கூட்டம் அதிகம் என்றால் குலுக்கல்.

2025 ஏப்ரல் வந்தது. அறிவிப்பு வரவில்லை!

டெல்லிக்கும் சென்னைக்கும் தகராறு

காரணம் பணத் தகராறு. பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்துப் போட்டால் புதிய கல்விக் கொள்கையை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும் என்று மாநில அரசு மறுத்தது. 2024-25-க்கான கல்வி நிதி ரூ.2,152 கோடியை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. அந்த நிதிக்குள்தான் 25 சதவீதப் பிள்ளைகளின் பணமும் இருக்கிறது.

விவகாரம் சென்னை ஐகோர்ட்டுக்குப் போனது. புதிய கல்விக் கொள்கையோடு இந்தப் பணத்தை முடிச்சுப் போட வேண்டியதில்லை என்று ஜூன் மாதம் கோர்ட்டு சொன்னது. மத்திய பணம் வரவில்லை என்று சொல்லி மாநில அரசு பொறுப்பில் இருந்து நழுவவும் முடியாது என்றது. இரண்டு பக்கத்துக்கும் குட்டு. ஆனாலும் கதவு திறக்க அக்டோபர் ஆனது. பள்ளிக்கூடம் திறந்து 4 மாதம் ஓடிவிட்டது.

அப்போது போட்ட விதி என்ன? அந்த ஆண்டு தனியார் பள்ளியில் ஏற்கனவே சேர்ந்துவிட்ட பிள்ளைகளில் இருந்துதான் தகுதியானவர்களை எடுப்பார்களாம். தேர்வான பிள்ளையின் பெற்றோருக்கு, கட்டிய கட்டணத்தைப் பள்ளி திருப்பித் தர வேண்டுமாம்.

அங்கேதான் வயிறு எரிகிறது!

ஒரே தெரு, ஒரே வருமானம்

முடிச்சூர் ரோட்டில் தள்ளுவண்டி போடும் ஒருவர், மெப்சில் தினக்கூலிக்குப் போகும் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துப் பக்கத்து வீடு. இருவருக்கும் எல்.கே.ஜி. வயசில் ஒரு பிள்ளை. முதலாமவர் மனைவியின் தோட்டை அடகுக் கடையில் வைத்து ஜூனில் பணம் கட்டினார். அக்டோபரில் இடம் கிடைத்தது. பணம் திரும்பி வந்தாலும், அடகு வட்டியை யார் தருவார்?

அடுத்தவரிடம் அடகு வைக்கத் தோடு இல்லை. ஏற்கனவே தண்டல் கடன். "அறிவிப்பு வரட்டும்"னு காத்திருந்தார். பிள்ளையை அங்கன்வாடிக்கு அனுப்பினார். அக்டோபரில் அவர் மனுவே போட முடியாது. சட்டம் யாரை நினைத்து எழுதப்பட்டதோ, அந்த ஆள்தான் வெளியே நிற்கிறார்!

சரி, மறுவருஷம் பார்த்துக்கலாம் என்றால் அதுவும் நடக்காது. நுழைவு வகுப்பில்தான் இந்த இடம். யு.கே.ஜி.யில் கிடையாது. எல்.கே.ஜி., யு.கே.ஜி., அப்புறம் 8-ம் வகுப்பு வரை. மொத்தம் 10 வருஷக் கட்டணம் போச்சு.

அரசுப் பள்ளியில் சேர்த்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி. காலைச் சாப்பாடு, மதியச் சாப்பாடு, புத்தகம், சீருடை எல்லாம் அங்கே இலவசம். ஆனால் எல்.கே.ஜி.? மாநிலம் முழுக்க 2,381 இடங்களில் அங்கன்வாடியோடு சேர்த்து ஆரம்பித்தார்கள். எல்லாத் தெருவுக்கும் அது எப்படி எட்டும்?

பள்ளிக்கூட முதலாளிகளும் ஒரு குறை சொல்கிறார்கள். அரசுப் பணம் வருஷக் கணக்கில் இழுக்கிறது, வாத்தியாருக்குச் சம்பளம் எதில் கொடுப்பது என்கிறார்கள். நியாயம்தான். அதற்காகப் புத்தகம், சீருடை என்று பெற்றோர் தலையில் கட்டலாமா? அந்தச் செலவையும் அரசே ஏற்க வேண்டும் என்று 2023-லேயே ஐகோர்ட்டு சொல்லியாகிவிட்டது.

டெல்லிப் பணம் வருகிறதோ இல்லையோ, ஏப்ரலில் மனு வாங்கு, மே மாதம் குலுக்கலை முடி. மத்திய அரசோடு வழக்கை அப்புறம் நடத்திக்கொள். மாநில அரசு செய்ய வேண்டியது இவ்வளவுதான். 2025-ல் விட்டுப்போன பிள்ளைகளுக்கு ஒரு தடவை மட்டும் விதியைத் தளர்த்தி மேல் வகுப்பில் இடம் தரவும் மனசு வைக்கலாம்.

கட்டணம் திரும்பி வராதவர்கள், ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு 14417-க்கு போன் போட்டு பள்ளிக் கல்வித் துறையிடம் புகார் சொல்லலாம். ரசீதே இல்லாத அந்த மெப்ஸ் கூலிக்காரர் யாரிடம் போய், என்னவென்று சொல்வார்?