இரண்டு டிஸ்க்கை ஒன்றாக்க வேண்டாமே!

லினக்ஸ் கம்ப்யூட்டரில் இடம் தீர்ந்துவிட்டால் பலரும் சொல்லும் யோசனை ஒன்று உண்டு. புதிய ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கி, எல்.வி.எம். மூலம் பழையதோடு சேர்த்து ஒரே பெரிய டிரைவ் ஆக்கிவிடுங்கள் என்பார்கள். பத்து நிமிட வேலைதான். ஆனால் வீட்டு உபயோகத்துக்கு இது ஏற்றதல்ல என்பது என் கருத்து.

எல்.வி.எம். என்பது லாஜிக்கல் வால்யூம் மேனேஜர். லினக்ஸுக்காக இதை 1998-ல் ஹைன்ஸ் மவுல்ஸ்ஹாகன் எழுதினார். இது டிஸ்க்குகளைச் சிறு துண்டுகளாக, வழக்கமாக 4 எம்.பி. அளவில், பிரித்து ஒரே வரிசையாகக் காட்டுகிறது. எந்த ஃபைல் எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. வசதியும் அதுதான், ஆபத்தும் அதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டிஸ்க் ஒரு வருடத்தில் கெட்டுப்போக 3 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். இரண்டைச் சேர்த்தால் ஏதாவது ஒன்று கெட ஏறக்குறைய 6 சதவீதம். மூன்றைச் சேர்த்தால் 9 சதவீதத்தை நெருங்கும். எது போனாலும் அடி வாங்குவது மொத்த வால்யூமும்தான். இன்ஸ்டால் செய்யும்போது எந்தத் திரையும் இதைச் சொல்வதில்லை.

எங்கள் விருத்தாசலம் போன்ற ஊர்களில் இது வீட்டுப் பிரச்சினை மட்டுமல்ல. செராமிக் பட்டறை போன்ற சிறு தொழில்களில் கணக்கு, ஆர்டர், டிசைன் படங்கள், குழந்தைகளின் போட்டோக்கள் எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில் இருப்பது சகஜம். சூளையில் உடைந்த பீங்கானை மறுபடி செய்துகொள்ளலாம். பத்து வருடக் கணக்கை என்ன செய்வது?

சரி, டிஸ்க் கெட்டேவிட்டது. என்ன செய்வது? முதலில் கம்ப்யூட்டரை நிறுத்துங்கள். டிஸ்க்கைக் கொஞ்சமாவது படிக்க முடிந்தால், ஜி.என்.யூ. டிடிரெஸ்க்யூ கொண்டு அதே அளவோ பெரிதோ ஆன வேறு டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். நகல் எடுத்ததும் பழைய டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால் எல்.வி.எம். குழம்பிப்போகும். டிஸ்க் முழுதாகச் செத்திருந்தால், மீதியுள்ளதை 'பார்ஷியல்' முறையில் ஆக்டிவேட் செய்து, படிக்க மட்டும் என்று மவுண்ட் செய்து, கிடைத்ததை வெளியே காப்பி செய்யலாம். எந்தத் துண்டு எங்கே என்ற விவரம் சாதாரண டெக்ஸ்ட்டாக ஒவ்வொரு டிஸ்க்கின் தொடக்கத்திலும் எழுதப்பட்டிருப்பது நம் அதிர்ஷ்டம்.

காணாமல் போன டிஸ்க்கை நீக்கச் சொல்லும் கட்டளையை 'ஃபோர்ஸ்' சேர்த்து மட்டும் கொடுக்காதீர்கள். பாதி பிழைத்திருக்கும் வால்யூமையும் அது சேர்த்து நீக்கிவிடும். நகல் எடுக்காமல் எஃப்.எஸ்.சி.கே. ஓட்டுவதும் வேண்டாம்.

அப்படியென்றால் எல்.வி.எம். மோசமானதா? இல்லை. டிஸ்க் கெடும் அறிகுறி முன்பே தெரிந்தால், கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிவிமூவ் மூலம் டேட்டாவை வேறு டிஸ்க்குக்கு நகர்த்தலாம். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் டேட்டாபேஸ் தவறுதலாக அழிக்கப்பட்டது. பேக்அப் முறைகள் பல இருந்தும் ஒன்றும் கைகொடுக்கவில்லை. சுமார் ஆறு மணி நேரம் முன்பு ஒரு பொறியாளர் தற்செயலாக எடுத்திருந்த எல்.வி.எம். ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. ஆனால் கவனியுங்கள்: அது வேறொரு சர்வருக்குக் காப்பி ஆகியிருந்தது. அதே டிஸ்க்கில் இருக்கும் ஸ்னாப்ஷாட், டிஸ்க்கோடு சேர்ந்தே போய்விடும்.

ஆகவே என் யோசனை எளிது. புதிதாக வாங்கும் டிஸ்க்கைப் பழையதோடு சேர்க்காதீர்கள். அதைத் தனியாக வைத்து, முக்கியமானவற்றை வாரம் ஒரு முறை அதில் காப்பி செய்யுங்கள். ஏற்கெனவே சேர்த்துவிட்டவர்கள், வெளி டிஸ்க் ஒன்றில் இன்றே நகல் எடுங்கள். அதிலிருந்து இரண்டு ஃபைல்களைத் திறந்தும் பாருங்கள். திறக்காத பேக்அப், பேக்அப் ஆகாது.