ஃபார்மட்டுக்கு முன் ஒரு பென் டிரைவ்

“ஃபார்மட் அடிச்சிரலாங்களா?” மடிக்கணினி திடீரென்று விண்டோஸுக்குள் போகாமல் நின்றுபோய், அதைத் தூக்கிக்கொண்டு திண்டுக்கல்லில் ஒரு பழுதுபார்க்கும் கடைக்குப் போகிறவர் பல நேரம் முதலில் எதிர்கொள்ளும் கேள்வி இது. சரி என்று தலையாட்டினால் பிள்ளையின் கல்லூரி ப்ராஜெக்ட், காதுகுத்துப் படங்கள், ஒட்டன்சத்திரம் மார்க்கெட் கணக்கு எல்லாம் அடுத்த சில நிமிடங்களில் போய்விடும். இதில் வருத்தம் என்னவென்றால், பல சமயங்களில் வன்தட்டு நன்றாகவே இருக்கும். விண்டோஸ் மட்டும்தான் கெட்டிருக்கும்.

அந்தக் கேள்விக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்ற ஓர் இயங்குதளத்தை 8 ஜி.பி. பென் டிரைவில் எழுதி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கலாம். உள்ளே இருக்கும் விண்டோஸை அது தொடாது. தன் வேலையை எல்லாம் நினைவகத்தில் வைத்துக்கொண்டு ஓடும். திரை வந்ததும் வன்தட்டைத் திறந்து, படங்களையும் கோப்புகளையும் வேறொரு பென் டிரைவுக்கு நகல் எடுத்துவிடலாம். அதற்குப் பிறகு ஃபார்மட் செய்தாலும் கவலை இல்லை. காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருள் எதுவும் இதில் கிடையாது.

தமிழ்நாட்டுக்கு இது ஏதோ சில கணினி ஆர்வலர்களின் பொழுதுபோக்கு அல்ல. 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், அடுத்து வந்த ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் கைக்குக் கணினியைக் கொண்டு சேர்த்தது. வேடசந்தூரிலும் நத்தத்திலும் நிலக்கோட்டையிலும் எத்தனையோ வீடுகளுக்கு அதுதான் முதல் கணினி. விண்டோஸுடன், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அவற்றில் சேர்த்தே தரப்பட்டது. அவற்றில் பல இன்று பரணில் கிடக்கின்றன. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கோ டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் செயலியும் வேண்டும். பத்து ஆண்டுக்கு முந்தைய மடிக்கணினியில் இவற்றை எதிர்பார்க்க முடியாது. ஆனால் லினக்ஸ் மின்ட்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு 2 ஜி.பி. நினைவகத்திலேயே ஓடும், 4 ஜி.பி. இருந்தால் வசதியாக ஓடும்.

சிக்கல் அடுத்த கட்டத்தில்தான் வருகிறது. பென் டிரைவைச் செருகி, பொத்தானை அழுத்தினால், அதே பழைய விண்டோஸ் வந்து நிற்கும். ‘இந்த மிஷின் யூ.எஸ்.பி. எடுக்காது’ என்று பலர் அங்கேயே கைவிட்டுவிடுகிறார்கள். எடுக்காத மிஷின் மிகச் சில. மற்றவற்றில் எங்கோ ஒரு சின்னத் தடை இருக்கும்.

முதல் தவறு பென் டிரைவிலேயே நடப்பது. இணையத்திலிருந்து இறக்கிய, இயங்குதளம் அடங்கிய ஐ.எஸ்.ஓ. கோப்பை, பாட்டுக் கோப்பை இழுத்துப் போடுவதுபோல் பென் டிரைவில் போட்டால் கணினி அதைத் தொடங்கும் வட்டாக மதிக்காது. ரூஃபஸ், எட்ச்சர் மாதிரியான மென்பொருளைக் கொண்டு எழுத வேண்டும். வென்டாய் என்று ஒன்று இருக்கிறது; அதை ஒரு முறை பென் டிரைவில் நிறுவிவிட்டால், பிறகு ஐ.எஸ்.ஓ. கோப்புகளை அப்படியே போட்டு வைக்கலாம். நாலைந்து இயங்குதளங்களை ஒரே பென் டிரைவில் வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு அதுவே உத்தமம். இறக்கிய கோப்பு பாதியில் அறுந்திருந்தாலும் தொடங்காது என்பதால், வெளியிட்டவர்கள் தரும் சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். விண்டோஸ் பென் டிரைவுக்கு இன்னொரு தலைவலி உண்டு. புதிய யூ.இ.எஃப்.ஐ. கணினிகள் நிச்சயமாகப் படிக்கும் கோப்பு முறை ஃபேட்32. அதிலோ 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒரே கோப்பை வைக்க முடியாது, விண்டோஸின் நிறுவல் கோப்பு அதைத் தாண்டிவிடுகிறது. ரூஃபஸ் இதற்கு மாற்று வழி செய்து தரும். கையால் நகல் எடுத்தவர்தான் மாட்டிக்கொள்வார்.

அடுத்தது, கணினி தொடங்கும்போதே தட்டி, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பட்டியலை வரவழைக்கும் விசை. டெல், லெனோவா, ஏசரில் எஃப்12. எச்பியில் எஸ்கேப் அழுத்தி, பிறகு எஃப்9. ஏசரில் பல மாடல்களில் எஃப்12 பட்டியல் அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். எஃப்2 அழுத்தி, பயாஸ் என்னும் கணினியின் அடிப்படை அமைப்புகளுக்குள் போய் அதை முதலில் இயக்க வேண்டும். லெனோவாவின் சில மாடல்களில் பக்கவாட்டில் ஒரு சிறு துளை இருக்கும். கணினி அணைந்திருக்கும்போது அதில் ஊசியால் அழுத்தினால் தொடக்கப் பட்டியல் வந்துவிடும். விசையைச் சரியாகத் தட்டியும் ஒன்றும் வரவில்லை என்றால், விண்டோஸின் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ மீது சந்தேகப்படலாம். அது இருக்கும்போது ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுமையாக அணைவதில்லை, அரைத் தூக்கத்தில் கிடக்கிறது. ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்தால் உண்மையாகவே அணையும். வன்தட்டை லினக்ஸில் திறக்கும்போது ‘எழுத அனுமதி இல்லை’ என்று வருவதற்கும் பெரும்பாலும் இந்த அரைத் தூக்கமே காரணம்.

பிறகு செக்யூர் பூட். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டைச் செய்யும் திண்டுக்கல்லுக்கு இதைப் புரிய வைப்பது எளிது. கணினியின் தாய்ப்பலகைக்குள் சில டிஜிட்டல் சாவிகள் பதிந்திருக்கின்றன. அவற்றோடு பொருந்தும் கையொப்பம் உள்ள இயங்குதளத்தை மட்டுமே அது தொடங்க விடும். உபுண்டுவும் மின்ட்டும் அந்தக் கையொப்பத்தோடு வருபவை. கையொப்பம் இல்லாதவற்றுக்கு பயாஸில் செக்யூர் பூட்டை அணைக்க வேண்டியிருக்கும். இந்தக் கையொப்பங்களைச் சரிபார்க்க மைக்ரோசாஃப்ட் 2011-ல் வெளியிட்ட சான்றிதழ்களின் காலம் 2026 ஜூன் முதல் முடிகிறது. அதனால் ஓடிக்கொண்டிருக்கும் கணினி நின்றுவிடாது. ஆனால் 2023 சான்றிதழை மட்டும் நம்பி வரும் புதிய பென் டிரைவுகளைப் புதுப்பிக்காத பழைய கணினி ஏற்காமல் போகலாம்.

செக்யூர் பூட்டில் கை வைக்கும் முன் ஓர் எச்சரிக்கை. வன்தட்டு விண்டோஸின் பிட்லாக்கர் குறியாக்கத்தால் பூட்டப்பட்டிருந்தால், அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். லினக்ஸ் பென் டிரைவில் தொடங்கிக் கோப்புகளை எடுக்கவும் அதே எண் வேண்டும். அந்த எண் பெரும்பாலும் உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். புதுக் கணினி வாங்கியவர் இன்றே அதை ஒரு தாளில் எழுதி வைப்பது நல்லது.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் தவறான ஒரு புதுப்பிப்பால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையோடு நின்றன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸ்களைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அப்போது மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட மீட்புக் கருவிகூட, பென் டிரைவில் எழுதி, அதிலிருந்து கணினியைத் தொடங்குவதுதான். பெரிய நிறுவனங்களின் பொறியாளர்கள் அன்று மேசை மேசையாகச் செய்த வேலையை சின்னாளபட்டியில் ஒரு பிளஸ் ஒன் மாணவியால் கற்றுக்கொள்ள முடியும்.

கற்றுக்கொடுக்கிறோமா என்பதே கேள்வி. தமிழ்நாட்டின் பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் விண்டோஸோடு உபுண்டுவும் பாடமாக இருக்கிறது. கேரளம் இன்னும் ஒரு படி மேலே போய், பள்ளிக் கணினிகளுக்கென்றே கைட் அமைப்பின் வழியாகத் தனி லினக்ஸ் பதிப்பை உருவாக்கி வைத்திருக்கிறது. கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்குக் கணினி தர 2025-26 நிதிநிலை அறிக்கையில் 2,000 கோடி ரூபாயை அறிவித்தது தமிழ்நாடு. அதைப் பாராட்டும்போதே ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. அந்தக் கணினி நின்றுபோகும் நாளில் மாணவர் என்ன செய்வார் என்பதையும் சேர்த்து யோசித்திருக்க வேண்டாமா? கணினியோடு ஒரு பென் டிரைவும், அதிலிருந்து தொடங்கும் முறையைத் தமிழில் சொல்லும் ஒரு தாளும் கொடுத்தால் அந்தத் தொகையில் எந்தக் குறையும் வந்துவிடாது.

அரசாணைக்காகக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. கிராமத்துக்கான கல்வி என்ற நோக்கத்தோடு 1956-ல் எழுந்த காந்திகிராம கிராமிய நிறுவனம் திண்டுக்கல் மாவட்டத்தில்தான் இருக்கிறது. பொறியியல் கல்லூரிகளும் கலைக் கல்லூரிகளும் நகரைச் சுற்றி நிறைய உள்ளன. நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாமுக்கு அவற்றின் மாணவர்கள் ஆண்டுதோறும் கிராமங்களுக்குப் போகிறார்கள். கோயில் வளாகத்தைச் சுத்தம் செய்வதும் மரக்கன்று நடுவதும் நடக்கட்டும். ஒரு நாள் மாலை, ஊர்ச் சாவடியில் ஒரு மேசை போட்டு, பரணில் கிடக்கும் மடிக்கணினிகளைக் கொண்டுவரச் சொல்லி, நாலு பென் டிரைவோடு கணினித்துறை மாணவர்கள் உட்கார்ந்தால் அந்த ஊருக்கு அது பெரிய உதவி. ஊர்க்காரர்கள் மடிக்கணினியோடு சார்ஜரையும் மறக்காமல் எடுத்துவர வேண்டும். பழைய பேட்டரி பாதி வழியில் கைவிட்டுவிடும்.