சைக்கிள் செய்வது யார்?

கையால் சைக்கிள் செய்கிறவர்கள் எந்தெந்த ஊரில் இருந்தார்கள், இருக்கிறார்கள் என்று தேசம் தேசமாகப் படம் போட்டு வைத்திருக்கும் அன்பர்கள் உலகத்தில் பலர் உண்டு. பைத்தியக்காரத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். நல்ல காரியம். இங்கிலாந்தில் ஊருக்கு ஊர் ஒரு பட்டறை, இத்தாலியில் மிலான் நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் மொய்த்துக்கொண்டு ஒரு கூட்டம், பிரான்சில் ஒரு வரிசை, ஜப்பானில் ஒரு வரிசை என்று புள்ளிகள் நெருங்கிக் கிடக்கின்றன. இந்தியா வந்ததும், நான் பார்த்தவரையில், படம் வெறிச்சென்று ஆகிவிடுகிறது. சமீப காலத்தில் பெங்களூரிலும் பூனாவிலும் படித்த இளைஞர்கள் சிலர் மூங்கிலாலும் எஃகுக் குழாயாலும் சைக்கிள் செய்ய முனைந்ததால் இரண்டொரு புள்ளி விழுந்திருக்கிறது. மற்றபடி சூனியம்.

இதை நம்மவர்களே எடுத்துக்காட்டி உச்சுக் கொட்டுகிறார்கள் என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். "நமக்கு ஓட்டத் தெரியும், செய்யத் தெரியாது. லுதியானாவில் ஆலையில் அடித்துத் தள்ளுவார்கள். அதில் கைத்திறன் ஏது?" என்று கோயம்புத்தூர்க் கனவான் ஒருவர் என்னிடம் சொன்னார். வெளிநாட்டிலிருந்து லட்சக்கணக்கில் கொட்டிக் கொடுத்து, கையால் செய்த சட்டம் ஒன்றை வரவழைத்து வைத்திருப்பவர் அவர். அவருடைய ரசனையை நான் குறை சொல்லவில்லை. அவருடைய அபிப்பிராயம் தப்பு என்கிறேன். தப்பு மட்டுமல்ல, அநியாயமும்கூட.

முதலில் அந்த மிலான்காரர் என்ன செய்கிறார் என்று பார்ப்போம். குழாயை அவர் செய்வதில்லை. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்து ரெனால்ட்ஸ் கம்பெனி 1935-ல் வெளியிட்ட 531 என்ற எஃகுக் குழாய் உலகப் பிரசித்தம். இத்தாலிக்காரர்களுக்குக் கொலம்பஸ் என்ற குழாய். இரு முனையிலும் கனமாகவும் நடுவில் மெல்லியதாகவும் இழுத்த குழாய்கள் இவை. குழாய்கள் சேருமிடத்து மூட்டுகளையும் அநேகர் விலைக்கே வாங்குகிறார்கள். சக்கரத்தின் ஹப், பல்சக்கரம், பிரேக் எல்லாம் காம்பக்னோலோ போன்ற வேறு கம்பெனிகளுடையவை. பட்டறைக்காரர் செய்வது என்ன? ஓட்டுகிறவனின் காலையும் கையையும் அளக்கிறார். அளவுக்குக் குழாயை அறுக்கிறார். அரத்தால் ராவிப் பொருத்துகிறார். நெருப்புக் காட்டிப் பித்தளையையோ வெள்ளியையோ உருக்கி மூட்டுக்குள் இறக்குகிறார். கோணல் பார்த்து நிமிர்த்துகிறார். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று சொன்னதால் அற்பம் என்று அர்த்தமில்லை. சூடு மிஞ்சினால் குழாயின் பலம் போய்விடும். குறைந்தால் பித்தளை மூட்டுக்குள் இறங்காது. பார்வைக்கு ஒட்டினாற்போல் இருந்து, ஒருநாள் இறக்கத்தில் ஆளைக் கவிழ்த்துவிடும். கண்ணும் கையும் பல வருஷம் பழகினால்தான் வரும் வித்தை அது. அதற்கு மரியாதை செய்யத்தான் வேண்டும்.

இனி எங்கள் காரமடைக்கு வாருங்கள். அரங்கநாதர் கோயில் தேரும் மாசி மகமும் காரமடைக்குப் பேர் வாங்கித் தந்தவை. அதற்கு அடுத்தபடி கறிவேப்பிலை. கறிவேப்பிலைக் கட்டு கனம் குறைவு. பருமனோ ஆளை மறைக்கும். அதைப் பின்னால் கட்டிக்கொண்டு மேட்டுப்பாளையம் ரோட்டில் போக, கம்பெனி விற்கும் சைக்கிள் உதவாது. கேரியர் இரண்டு பங்கு அகலம் வேண்டும். சீட்டின் கீழிருந்து பின்சக்கரத்துக்கு இறங்கும் கம்பிகளுக்குத் துணைக் கம்பி வேண்டும். ஸ்டாண்டு, பாரத்தோடு நிற்க வேண்டும். இதையெல்லாம் செய்து கொடுப்பவர் இங்கே ஒரு சைக்கிள் கடைக்காரர். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பெயரைப் போடலாமா என்று கேட்டேன். "சைக்கிள் கடைக்காரர்னு போட்டாப் போதுங்க தம்பி" என்றுவிட்டார்.

அவர் செய்தவற்றில் என் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். பெரியவர்கள் சைக்கிளின் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் அடித்த தலைமுறை நாம். அந்தக் காலத்தில் வாடகைக்கு விடுவதற்கென்று, விழுந்து நெளிந்த பழைய சட்டத்தை அறுத்துக் குறுக்கி அவர் பற்றவைத்த அரை சைக்கிள் ஒன்று இன்னும் கடை உத்தரத்தில் தொங்குகிறது. சாணை பிடிப்பவருக்குப் பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்திப் பெடல் மிதித்தால் கல் சுழலும்படி ஒன்று. மில்லுக்குப் போகும் குள்ளமான ஓர் அம்மாளுக்கு, ஆண்கள் சைக்கிளின் பாரை அறுத்துத் தாழ்த்தி ஒன்று. இளம்பிள்ளை வாதத்தில் கால் சூம்பிய ஒருவருக்குக் கையால் சுற்றும் மூன்று சக்கர வண்டி. பித்தளைக் கம்பியும் வெங்காரமும் வைத்து, கரி அடுப்பில் துருத்தி ஊதிப் பற்றவைக்கக் கற்றவர் அவர். கேஸ் அடுத்தபடியாக வந்தது.

"அளவு எப்படீங்கண்ணா எடுக்கறீங்க?" என்று கேட்டேன்.

"ஆளு கடைக்கு நடந்து வர்றப்பவே பாத்துக்குவனுங்க. ஒரு காலு இழுத்து நடந்தா அந்தப் பக்கத்துப் பெடலுக்குக் கட்டை வெக்கோணும். மூட்டை ஏத்தறவருன்னா ஃபோர்க்கைப் பாக்கோணும். இதுல என்னங்க இருக்குது?"

மிலான்காரர் செய்வதும் இதுதானே? வாங்கிய குழாயை அறுத்து, ஆளின் அளவுக்குப் பற்றவைப்பது அங்கே சிருஷ்டி. பழைய குழாயை அறுத்து அதே காரியத்தைச் செய்வது இங்கே 'ரிப்பேர்'! குழாய் புதிதா பழையதா என்பதா வித்தை? இருவரும் செய்கிறவர்கள் என்று சொல்லுங்கள், அல்லது இருவரும் பூட்டுகிறவர்கள் என்று சொல்லுங்கள். ஒருவருக்கு மாலை, மற்றவருக்குச் சில்லறை என்பது நியாயமாகாது.

"உங்கள் ஆள் தான் செய்ததில் பெயர் போடவில்லையே, எப்படிப் படத்தில் சேர்ப்பது?" என்று அடுத்த கேள்வி வரும். 1972-ல் எட்டி மெர்க்ஸ் என்ற பெல்ஜியத்துச் சூரர் மெக்ஸிகோ நகரத்தில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை செய்தார். அந்தச் சைக்கிளைச் செய்தவர் எர்னெஸ்டோ கொல்னாகோ. சைக்கிளின் மேல் இருந்த பெயரோ வின்ட்ஸர் என்ற மெக்ஸிகோக் கம்பெனியுடையது. பந்தய உலகத்தில் இது சகஜம். பணம் கொடுத்த கம்பெனியின் பெயரை ஒட்டிக்கொண்டு, சின்னப் பட்டறையில் செய்த சட்டம் ஓடும். சைக்கிள் அன்பர்கள் அதைக் கண்டு ஏமாறவில்லை. மூட்டைப் பார்த்து, பற்றைப் பார்த்து, செய்தவரைத் தோண்டி எடுத்துப் படத்தில் சேர்த்துவிட்டார்கள். அங்கே தோண்டத் தெரிந்தவர்களுக்கு இங்கே குனிந்து பார்க்க முடியவில்லையா?

வெளிநாட்டாரை மட்டும் சொல்லிப் பிரயோஜனமில்லை. நாம் என்ன செய்தோம்? பைகாரா மின்சாரம் 1930-களில் வந்த பிறகு கோயம்புத்தூரில் பம்பும் மோட்டாரும் பெருகின. எந்த மோட்டார் எந்தப் பட்டறையில் எந்த வருஷம் உருவாயிற்று என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். சைக்கிள் விஷயத்திலும் ஆலைகளின் சரித்திரம் நமக்குத் தெரியும். அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-ல் பிறந்தது தெரியும். அட்லஸ் கம்பெனியின் சாஹிபாபாத் ஆலை 2020 ஜூன் 3-ம் தேதி, அதுவும் உலக சைக்கிள் தினத்தன்று, நின்றுபோனது பத்திரிகைகளில் வந்தது. 2011 ஜனத்தொகைக் கணக்கின்போது இந்தியாவில் நூறு வீட்டுக்கு ஏறக்குறைய 45 வீட்டில் சைக்கிள் இருந்தது என்ற கணக்கும் இருக்கிறது. ஒரு காலத்தில் நகராட்சிகள் சைக்கிளுக்கு வரி வாங்கி வில்லை கட்டி அனுப்பின. சைக்கிளை எண்ணினோம், வரியை எண்ணினோம், ஆலையை எண்ணினோம். அத்தனை சைக்கிளையும் அறுத்து, ஒட்டி, ஆளுக்குத் தக்கபடி மாற்றி ஓடவைத்தவனை எண்ணவில்லை.

ஏன் எண்ணவில்லை? மறதி என்று நான் ஒப்பமாட்டேன். மத்திய சர்க்கார் 2023 செப்டம்பர் 17-ம் தேதி விஸ்வகர்மா திட்டம் என்று ஒன்றைத் தொடங்கியது. கைத்தொழில்காரர்களுக்குப் பயிற்சியும் கருவியும் கடனும் கொடுக்கும் திட்டம். அதில் 18 தொழில்கள். தச்சர், கொல்லர், குயவர், தட்டார், சிற்பி, படகு செய்பவர், பூட்டுச் செய்பவர், வலை பின்னுபவர் எல்லாரும் இருக்கிறார்கள். இருக்கட்டும், அவர்களுக்கு உதவி வேண்டியதுதான். சைக்கிள்காரர் இல்லை. பரம்பரையாகக் குடும்பத்தில் வரும் தொழில் என்பதே அந்தப் பட்டியலின் அடிப்படை. இது குலத்தொழிலுக்கு வழிவிடுகிறது என்று விவாதம் எழுந்து, தமிழ்நாடு அரசு 2024-ல் அதை அந்த வடிவத்தில் ஏற்க மறுத்ததும் வாசகர்களுக்குத் தெரியும். அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன்: பிறப்பால் வராத கைத்தொழில் கைத்தொழில் ஆகாதா?

இன்று நாம் ஓட்டும் உருவத்துக்கு வழிகாட்டிய ரோவர் சைக்கிள் 1885-ல் வந்தது. டன்லப்பின் காற்றடித்த டயர் 1888-ல் வந்தது. அதற்குப் பிறகு பிறந்த தொழிலுக்கு மூதாதை ஏது, புராணம் ஏது? எங்கள் கடைக்காரரின் தகப்பனார் தோட்டத்து வேலைக்குப் போனவர். மேட்டுப்பாளையத்தில் ஒரு பாயிடம் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் பையனாகச் சேர்ந்து, அடி வாங்கித் தொழில் படித்தார் இவர். இவரிடம் படித்தவர்களில் எல்லா ஜாதியும் உண்டு. இந்தத் தொழில் ஜாதியைக் கேட்டிருந்தாலும் பதில் சொல்ல ஒரு சைக்கிள் ஜாதி இல்லை! அதனால் சங்கம் இல்லை, மாநாடு இல்லை, மனுக் கொடுக்க ஆள் இல்லை. வெள்ளைக்காரர் பெயர்ப்பலகையைத் தேடுகிறார். நம்மவர் வம்சாவளியைத் தேடுகிறார். இரண்டும் இல்லாதவன் இரண்டு பட்டியலிலும் இல்லை. கற்று வந்த தொழிலுக்கு இந்த தேசத்தில் கிடைக்கும் மரியாதை இதுதான்.

ஜப்பானைப் பாருங்கள். அங்கே 1948-ல் கோகுரா என்ற ஊரில் கெய்ரின் சைக்கிள் பந்தயம் தொடங்கியது. பணம் கட்டி ஆடும் பந்தயம். வழக்கமான கெய்ரினில், அங்கீகாரம் பெற்ற பட்டறைகளில் செய்த எஃகுச் சட்டத்தில்தான் ஓட வேண்டும் என்று விதி வைத்தார்கள். அந்த விதியின் நிழலில் சின்னச் சின்னப் பட்டறைகள் பிழைத்துக்கொண்டன. நம் ஊரில் சூதாட்டம் வையுங்கள் என்று சொல்லவில்லை. ஒரு விதி ஒரு வித்தையைக் காப்பாற்ற முடியும் என்கிறேன்.

பஞ்சர் ஒட்டுகிற ஒவ்வொருவரும் சிற்பி என்று நான் வாதிக்க வரவில்லை. அரைகுறையாகப் பற்றவைத்து ஆளின் பல்லை உடைத்தவர்களும் இருக்கிறார்கள். ஆகையால் படத்துக்கு ஒரு நிபந்தனை வைப்போம். நெருப்பு வைத்துச் சட்டத்தையோ ஃபோர்க்கையோ கட்டியிருக்க வேண்டும். இன்ன ஆளுக்கு, இன்ன வேலைக்கு என்று அளவு பார்த்துச் செய்திருக்க வேண்டும். செய்தது பாரத்தோடு ஓடியிருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் ஒரு புள்ளி. பெயர் போட இஷ்டமில்லாதவருக்கு ஊர்ப்பெயர் போதும். கூடவே ஒரு கேள்வி: "யாரிடம் கற்றீர்கள்?" வம்சாவளி இல்லாவிட்டாலும் குருபரம்பரை இருக்கிறதே! காரமடையிலிருந்து மேட்டுப்பாளையம், அங்கிருந்து கோயம்புத்தூர் என்று கோடு தானாக நீளும்.

இதற்கு என்ன அவசரம் என்பீர்கள். இப்போது வரும் சைக்கிள்கள் மெல்லிய தகரம்போல் இருக்கின்றன, அல்லது அலுமினியம். பித்தளைப் பற்று அவற்றில் செல்லாது. கடைக்காரரின் மகன் வேறு வேலைக்குப் போய்விட்டான். ஸ்பானர் எடுத்துக் கொடுக்கப் பையனும் இல்லை. அரசாங்கப் பள்ளியில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் வருகிறது, நல்ல திட்டம். ஆனால் நாலரை அடிப் பெண்ணையும் ஐந்தேமுக்கால் அடிப் பெண்ணையும் ஒரே அச்சில் ஏற்றினால், இறக்கி உயர்த்திப் பொருத்தித் தருவது யார்? கறிவேப்பிலைக்காரருக்கும், சாணைக்காரருக்கும், கால் சூம்பியவருக்கும் எந்த ஆலை அளவு எடுக்கும்?

பணக்காரர் தம் அளவுக்கு மிலானிலிருந்து வரவழைத்துக்கொள்வார். ஏழைக்கும் தன் அளவுக்குச் செய்த வாகனம் ஒன்று இத்தனை காலம் கிடைத்துவந்தது, அதுவும் நடந்துபோகும் தூரத்தில், கையில் உள்ள காசுக்கு. அது போய்விட்டால் கொடுத்ததை ஓட்டுகிறவனாக அவன் ஆகிவிடுவான். அது போவதற்குள் இருந்தது என்றாவது எழுதிவைக்க வேண்டாமா?

படத்தில் முதல் புள்ளியை நான் வைத்துவிட்டேன்: கோயம்புத்தூர் ஜில்லா, காரமடை. அன்னூர்க்காரர்களும் அவினாசிக்காரர்களும் சத்தியமங்கலத்துக்காரர்களும் தங்கள் ஊர்க் கடைக்குப் போய் விசாரித்து எழுதட்டும்.