கை தேடும் கத்தி

மடக்குக் கத்தி சேர்க்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்தக் கத்தி நல்லது என்றுதான். நல்ல கத்திகள் ஏராளம். நமக்குப் பிடித்தது எது என்று தெரியத்தான் நாளாகிறது. படத்தில் பார்த்து மயங்கியது ஒன்றாக இருக்கும். கொய்யாப்பழம் நறுக்க உட்காரும்போது கை தேடுவது வேறொன்றாக இருக்கும்.

என் கை தேடுவது ஒப்பினல். பிரான்சின் சவாய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினல் 1890இல் செய்யத் தொடங்கிய கத்தி. பீச் மரப்பிடி, ஒற்றை அலகு, வேலைப்பாடு எதுவும் கிடையாது. எட்டாம் எண் கத்தியின் அலகு 8.5 செ.மீ.; எடை 50 கிராமுக்குள். அதன் அழகெல்லாம் அலகின் மெல்லிய தன்மையில் இருக்கிறது. தடித்த அலகு எவ்வளவு கூராக இருந்தாலும் மாங்காயைப் பிளந்துகொண்டுதான் போகும். இது சீவிக்கொண்டு போகும்.

அதிலும் கார்பன் ஸ்டீல்தான் எனக்கு வேண்டும். சென்னையின் உப்புக்காற்றுக்கு ஸ்டெயின்லெஸ்தானே ஏற்றது என்று நண்பர்கள் சொல்வது நியாயமே. ஆனால் மாங்காயின் புளிப்பு பட்டதும் கார்பன் அலகில் நீலமும் சாம்பலுமாக ஒரு படலம் படர்கிறதே, அந்த நிறம் எந்தக் கடையிலும் கிடைக்காது. செந்துரு எளிதில் ஏறாமல் ஓரளவு காப்பதும் அந்தப் படலம்தான். சாணைக்கல்லிலும் சீக்கிரம் கூர் ஏறும். துடைத்து, உலர்த்தி, ஒரு துளி எண்ணெய் தடவ வேண்டும். அந்த வேலையும் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஐப்பசி மழையில் மரப்பிடி ஊறி உப்பி, அலகு வெளியே வர அடம்பிடிக்கும். சவாய்க்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: பிடியின் பின்முனையை மேசையில் ஒரு தட்டு. அலகு தலை நீட்டும்.

அமெரிக்கக் கத்திகளில் ஸ்டாக்மேன் என்ற வகைக்குப் பெயர் பெரிது. மாடு மேய்ப்பவர்களுக்கான மூன்று அலகுக் கத்தி. அதில் ஒன்று காளைக்குக் காயடிக்க. எலும்புப் பிடியும் பித்தளைச் சட்டமுமாகப் பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் ஓர் அலகைத் திறந்தால் மற்ற இரண்டின் முதுகும் உள்ளங்கையில் உறுத்தும். ஒற்றை அலகின் மேல் எனக்கிருந்த பிரியத்தை உறுதிப்படுத்தியது ஸ்டாக்மேன்தான்.

திறந்த அலகு மடங்காமல் பிடிக்கும் பூட்டு வேண்டுமா, வேண்டாமா என்பதைத் தெளிவாக்கியது ஜப்பானின் ஹிகோனோகாமி. 1890களில் மிகி நகரில் பிறந்தது. மடித்த தகடே பிடி. அலகின் அடியில் சிறு நெம்புகோல். வில்லும் இல்லை, பூட்டும் இல்லை. நெம்புகோலைக் கட்டைவிரல் அழுத்திக்கொண்டிருக்கும்வரைதான் அலகு நிற்கும். ஒரு காலத்தில் ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவியது இதில்தான். 1960இல் டோக்கியோ மேடையொன்றில் சோஷலிஸ்ட் தலைவர் அசனுமா இனெஜிரோ குறுவாளால் குத்திக் கொல்லப்பட்டார். அதன் பின், பிள்ளைகள் கையில் கத்தி கூடாது என்ற இயக்கம் நாடெங்கும் பரவ, பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. ஹிகோனோகாமி என்ற பெயரை முறைப்படி பொறிக்கும் உரிமையோடு இன்று மிஞ்சியிருப்பது ஒரே பட்டறை. ஒரு குற்றத்துக்காக ஒரு தலைமுறையின் கைப்பழக்கத்தையே பறித்ததை என்னால் ஏற்க முடியவில்லை. பூட்டைப் பொறுத்தவரை, கட்டைவிரல் கவனமாக இருக்கும்போது புத்தியும் கத்தியிலேயே இருக்கிறது. ஒப்பினலில் 1955இல் சேர்ந்த பூட்டு வளையத்தைக்கூட, பழம் நறுக்கும்போது நான் திருப்புவதில்லை.

இப்போது தேடிக்கொண்டிருப்பது பார்லோ. ஷெஃபீல்டில் தோன்றி அமெரிக்கச் சிறுவர்களின் சட்டைப்பைக்குப் போன கத்தி. மார்க் ட்வைனின் டாம் சாயருக்கு, பைபிள் வசனங்களை மனப்பாடம் செய்ததற்குப் பரிசாகக் கிடைப்பது. இரண்டு அலகோடு நிறையவே கண்ணில் படுகின்றன. ஒற்றை அலகு, கார்பன் ஸ்டீல், முழுவதும் திறந்து பார்த்தால் பக்கவாட்டில் ஆடக் கூடாது. மூன்றும் சேர்ந்து அமைந்தால் வாங்குவேன். பிடி எலும்பா மரமா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை.